மூட்டை சுமப்போனுக்கு முதலாளி யார்?

தொழிலில் மனநிறைவு, ஊழியர் நலன், வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை என்னும் சொற்கள் கொழும்பு மாநகரிலே இந்நாளில் பெருவழக்காகிவிட்டன. குளிரூட்டிய மண்டபங்களிலே கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. அறிஞர் உரை நிகழ்த்துகின்றனர், தேநீர் வழங்கப்படுகின்றது, வந்தவர்கள் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். மறுநாட் காலையில் அதே மேசை, அதே கோப்பு, இரவு 9 மணிக்கும் ஓயாத அதே தொலைபேசி! இச்சொற்களை எள்ளி நகையாட நாம் வரவில்லை. அவற்றின் பின்னே உண்மையான நோவு ஒன்று உண்டு. ஆனால் அந்நோவைப் பற்றிப் பேசுவோர் களனி ஆற்றுக்கு இக்கரையிலேயே நின்றுவிடுகின்றனரே என்பதுதான் எமது குறை. ஆற்றைக் கடந்தால் அக்கரையில் இருப்பது பேலியகொடை.

பேலியகொடை கம்பகா மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் கொழும்பின் அடுக்களை அதுவே. கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிவது அங்கே; 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கட்டுநாயக்க நெடுஞ்சாலை தொடங்குவதும் அங்கே. நாடு உறங்கும் வேளையில் நாற்றிசையிலிருந்தும் லொறிகள் அங்கு வந்து சேர்கின்றன. நுவரெலியாவின் கோவாவும் கரட்டும், யாழ்ப்பாணத்தின் வெங்காயமும், வன்னியின் வாழைக்குலையும், மன்னாரினதும் திருகோணமலையினதும் மீனும் விடியுமுன் இறங்கி, விடிந்ததும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் கொட்டாஞ்சேனைச் சந்தைக்கும் போய்விடுகின்றன. இறக்குவோர் யார்? ஏற்றுவோர் யார்? நாட்டாமைமார்! தமிழகத்திலே நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர். மரத்தடியில் அமர்ந்து நியாயம் சொல்பவர். இங்கோ மூட்டை சுமப்பவனுக்கு அப்பெயர். பட்டம் பெரிது, ஆனால் அதைத் தாங்கும் தோளில் ஏறுவது வெங்காயச் சாக்கு.

இந்தச் சந்தைகள் இரண்டும் முன்னர் கொழும்புப் புறக்கோட்டையில் இருந்தவை. செயின்ட் ஜோன்ஸ் மீன் சந்தை 2011ஆம் ஆண்டில் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. தேசாதிபதி மானிங்கின் பெயர் தாங்கிய மரக்கறிச் சந்தை 2020 நவம்பரில் அதனைப் பின்தொடர்ந்தது. இடமாற்றம் வேண்டியதே, புறக்கோட்டையின் நெருக்கடியை நாம் அறியாதவரல்லேம். புதிய கட்டடம் பழையதைவிட விசாலமானது என்பதையும் மறுக்கமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். கடைகளை எண்ணினீர்கள், வாகனத் தரிப்பிடங்களை எண்ணினீர்கள், நள்ளிரவிலே கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் வேலைக்கு வரவேண்டிய கால்களை யாராவது எண்ணினீர்களா? புறக்கோட்டையில் சந்தை இருந்தபோது நடந்து போனவன், இப்போது பஸ் ஓடாத வேளையில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கவேண்டும். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் கூலியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். ஆதலால் பலர் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டு, லொறிக்கு அடியிலும் கடை ஓரத்திலும் சாக்கு விரித்துப் படுக்கின்றனர். வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை என்று பேசும் அன்பர்களே, இவனுக்கு வேலை ஒரு கரையிலும் வாழ்வு மறுகரையிலும் இருக்கின்றன. இடையில் ஆறு ஓடுகின்றது.

2020 ஒக்டோபரை நாடு மறந்திருக்க முடியாது. அம்மாதத்தின் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. சந்தை மூடப்பட்டது. பேலியகொடைக் கொத்தணி என்ற பெயர் வானொலியில் நாள்தோறும் ஒலித்தது. மீன் வாங்க அஞ்சிய மக்கள் மீன்காரனைப் பார்க்கவும் அஞ்சினர். ஆடைத் தொழிற்சாலையும் மீன் சந்தையும்! இரண்டிலும் உழைப்போர் நெருக்கமாக நின்று வேலை செய்பவர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் நின்றால் அந்நாளின் வருவாயை இழப்பவர்கள். நாட்கூலிக்காரனிடம் காய்ச்சல் வந்தால் வீட்டிலே இரு என்று சொல்வது எளிது. அவன் வீட்டிலிருந்தால் அடுப்பில் உலை ஏறாது. அதனால் இருமிக்கொண்டே மூட்டை தூக்குகிறான். சம்பளத்தோடு கூடிய நோய் லீவு என்பது சலுகையன்று. அது பொதுச் சுகாதார ஏற்பாடு என்பதை அந்த ஒக்டோபர் மாதம் நமக்குப் பெரும் விலை வாங்கிக்கொண்டு கற்பித்தது. கற்றோமா என்பது வேறு விடயம்.

இந்த நாட்டில் தொழிலாளர் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1941இல் சம்பளச் சபைகள் வந்தன. 1950இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், கடைகளிலும் காரியாலயங்களிலும் பணிபுரிவோருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரம்பு கட்டி, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் அளித்தது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி நூற்றுக்கு 12ம் தொழிலாளி நூற்றுக்கு 8ம் செலுத்தவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும். 1983இல் பணிக்கொடை. 2016இல் நாட்டுக்கெல்லாம் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம். மாதம் 10,000 ரூபாவாகத் தொடங்கிய அத்தொகை 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாக்கப்பட்டது. பார்க்குமிடத்து ஒரு கோட்டையே கட்டியிருக்கின்றோம். ஆனால் இக்கோட்டைக்கு வாயில் ஒன்றே. அவ்வாயிலில் நிற்கும் காவலன் ஒரேயொரு கேள்வி கேட்கிறான்: "உன் முதலாளி யார்?"

மூட்டையோடு சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் நட்டஈடு கேட்கலாமா என்று எம்மிடம் ஆலோசனை பெற வந்தார். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து இளமையிலேயே கொழும்புக்கு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூட்டை சுமந்தவர். "யாரிடம் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டோம். "எல்லாரிடமும்தான் ஐயா" என்றார். மனிதர் பேசும் மொழியில் அது நல்ல விடை. சட்டத்தின் மொழியிலோ, எல்லாரிடமும் என்பதற்கு யாரிடமும் இல்லை என்று பொருள்! விழுந்த நேரத்தில் அவர் சுமந்த மூட்டைக்குரிய வியாபாரி, "அவன் என் ஆள் அல்லன், கூப்பிட்டால் வருவான், கூலி கொடுப்பேன், போவான்" என்றார். அவ்வியாபாரியைக் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. மருந்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. ஆனால் தருமம் வேறு, உரிமை வேறு. தருமத்தை இன்று தந்தவர் நாளை தராதிருக்கலாம், கேட்க வழியில்லை.

சட்டம் படித்தோர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது? உண்மைதான். 1950ஆம் ஆண்டுச் சட்டம் வாய்ச்சொல்லால் ஆன ஒப்பந்தத்தையும், நடத்தையால் ஊகிக்கக்கூடிய ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்கிறது. சேமலாப நிதியும் அமய ஊழியரை விலக்கிவைக்கவில்லை. ஆகவே நாட்டாமைக்கு உரிமையே இல்லை என்பது பிழை. உரிமை உண்டு, ஆனால் ஓர் இரவில் பத்துப் பேரின் மூட்டையைச் சுமப்பவன் அவ்வுரிமையை எவர் வாயிலில் நின்று கேட்பது? பத்து முதலாளிமாருக்குப் பத்து வழக்குத் தொடுத்து, ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரத்துக்குரிய சேமலாப நிதியைக் கேட்பானா? கேட்டால் மறுநாள் எவர் அவனைக் கூப்பிடுவார்?

இனிக் கமக்காரர் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். பேலியகொடைக்குச் சரக்கு அனுப்பிய கமக்காரன் கையில் வந்து சேரும் சிட்டையை எடுத்துப் பாருங்கள். விற்ற விலை மேலே இருக்கும். அதன்கீழ் லொறிக் கூலி, இறக்கு கூலி, கொமிஷன் என்று வரிசையாகக் கழிவுகள். (ஊர்ச் சந்தையிலே நிறையில் பத்துக்கு ஒன்று கழிவு வைக்கும் அநியாயம் வேறு. அதனைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.) அவ்விறக்கு கூலியைக் கொடுப்பவன் யார்? கமக்காரன்! வேலை வாங்குபவர் வியாபாரி. இடத்துக்கு வாடகை வாங்குவது சந்தை நிருவாகம். ஆக, கூலி கொடுப்பவன் ஆளைக் கண்டதில்லை. ஆளைக் கண்டவர் தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. இருவருக்கும் இடம் கொடுத்தவர்கள் தமக்கு இதில் தொடர்பில்லை என்கின்றனர். கிளிநொச்சியில் கிணற்றடியில் நிற்கும் கமக்காரனும் பேலியகொடையில் மூட்டையடியில் நிற்கும் நாட்டாமையும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே சிட்டையால் கட்டப்பட்டிருக்கின்றனர். இருவருக்கும் லீவு இல்லை. இருவருக்கும் ஓய்வூதியம் நிச்சயமில்லை. விலை வீழ்ந்த நாளில் இருவரும் வெறுங்கையோடு போகின்றனர்.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. அதைத் தேடிக் கடல் கடக்கவேண்டியதுமில்லை. கொழும்புத் துறைமுகத்திலே ஒரு காலத்தில் கப்பற் சரக்கை இறக்கியவர்களின் நிலையும் இதுவே. கப்பல் வந்தால் வேலை; வராவிட்டால் பட்டினி. தனியார் கம்பெனிகள் பல. தொழிலாளி எவருக்கும் சொந்தமில்லை. 1958ஆம் ஆண்டில் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, அவ்வேலை ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தது. பின்னர் 1979இல் துறைமுக அதிகார சபை அதனை ஏற்றுக்கொண்டது. கூட்டுத்தாபனங்களின் ஊழல்களையும் வீண்செலவுகளையும் நாம் நன்கு அறிவோம். அவற்றுக்கு வக்காலத்து வாங்கவில்லை. எனினும் கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை பள்ளிக்கூடம் போய் உத்தியோகம் பார்க்க முடிந்ததற்கு, தகப்பனுக்கு மாதச் சம்பளம் ஒன்று இருந்தது பெருங்காரணம் என்பதை அப்பகுதியில் வாழ்ந்த எவரும் சொல்வர். சில மைல் தூரத்தில் துறைமுகத்தில் இயன்றது சந்தையில் இயலாதா?

கூட்டுத்தாபனம் வேண்டாம் என்போருக்கு வேறு வழியும் காட்டுவோம். 1969ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலம், பம்பாய்ச் சந்தைகளிலும் கிடங்குகளிலும் சுமை தூக்கும் மாதாடித் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் உட்கிடை இதுதான்: தொழிலாளியும் பதியவேண்டும், வேலை வாங்கும் வியாபாரியும் பதியவேண்டும். கூலியை வியாபாரி தொழிலாளியின் கையில் கொடுப்பதில்லை. அரசினர், வியாபாரிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த சபையிடம் கொடுக்கிறார். கூலிக்கு மேல் ஒரு வீதத்தை நலன்களுக்கென்று சேர்த்துக் கொடுக்கிறார். சபை அதைத் திரட்டித் தொழிலாளிக்குச் சம்பளமாகவும் சேமநிதியாகவும் லீவுச் சம்பளமாகவும் அளிக்கிறது. பத்து முதலாளிமாருக்கு வேலை செய்தாலும் அவன் கதவு தட்ட வேண்டிய வாயில் ஒன்றே! கேரளம் 1978இல் சுமை தூக்குவோர் சட்டம் கொண்டுவந்தது. தமிழகம் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது.

இவற்றில் தீங்கு நேரவில்லையா என்று வியாபாரிகள் கேட்பர். நேர்ந்தது. கேரளத்திலே சுமையைத் தொடாமல் நின்று பார்த்ததற்கே கூலி கேட்கும் வழக்கம் தோன்றி, நோக்குக் கூலி என்று பெயர் பெற்று, மக்களின் வெறுப்புக்கு ஆளாயிற்று. 2018 மே மாதம் முதலாம் நாள் அம்மாநில அரசே அதனை ஒழித்தது. தொழிற்சங்கத்தில் பற்றுடையோராகிய நாமே சொல்கிறோம்: அத்தகைய பறிப்பை இங்கே நுழைய விடலாகாது. பதிவு செய்த எடைக்கும் பதிவு செய்த எண்ணிக்கைக்கும் மட்டுமே கூலி என்று முதல் விதியிலேயே எழுதிவிட்டால் நோக்குக் கூலிக்கு இடமேது?

கமக்காரரின் அச்சம் வேறு. "நலன் என்று சொல்லி இதையும் எங்கள் சிட்டையில் கழிப்பார்களே" என்பர். நியாயமான அச்சம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 5,000 கிலோ ஏற்றிய லொறி ஒன்றை இறக்கும் கூலி மொத்தம் 10,000 ரூபா என்று கொள்வோம். சேமலாப நிதிக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3, ஆக நூற்றுக்கு 15 வீதம் என்றால் 1,500 ரூபா. கிலோ ஒன்றுக்கு 30 சதம்! ஒரு மனிதனின் முதுமையைக் காப்பதற்கு வெங்காயம் கிலோ ஒன்றில் 30 சதம் அதிகமா? அந்த 30 சதமும் கொமிஷனிலிருந்து போகவேண்டுமேயன்றிக் கமக்காரனின் வரவிலிருந்து போகலாகாது. முதலாளியின் 12 வீதத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டலாகாது என்பது ஏலவே உள்ள சட்டம். அதே வாசகத்தை இங்கும் எழுதி, சிட்டையில் அக்கழிவு தோன்றுமாயின் குற்றம் என்று ஆக்கிவிடலாம்.

சபை அமைந்தால் அது முதலில் செய்யவேண்டியது மூட்டையின் நிறையைக் கட்டுப்படுத்துவது. வளர்ந்த ஆண் ஒருவன் சுமக்கத்தக்க உச்ச நிறை 55 கிலோ என்று சர்வதேசத் தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பேலியகொடையில் இறங்கும் சாக்குகளை ஒருநாள் தராசில் ஏற்றிப் பார்க்க அமைச்சர் ஒருவர் வருவாராயின் நாமும் உடன்செல்ல ஆயத்தம். கமக்காரரும் இங்கே தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். சாக்குக் கூலியை மிச்சம் பிடிப்பதற்காக வாய் தைக்க முடியாதபடி திணித்து அனுப்புவதை விடலாம். அடுத்து, குளிக்க நீர், படுக்க மண்டபம், நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் ஆற்றைக் கடக்கும் பஸ். இவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். பதிவுப் படிவமும் கணக்குப் புத்தகமும் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்று யாப்பே சொல்லுகின்றது. அச்சந்தையிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மூட்டையின் இரு முனைகளைப் பிடிக்கின்றனர். தான் கைநாட்டு வைக்கும் தாளில் எழுதியிருப்பது இன்னதென்று மூவரும் அறியவேண்டும்.

வெள்ளவத்தையில் வாழும் கணக்காளரும் பொறியியலாளரும் வைத்தியரும் இதுவரை வாசித்துவிட்டு, இது நாட்டாமைமாரின் வழக்கல்லவா, எமக்கென்ன என்று தாளை மடித்துவிட வேண்டாம். உங்களுக்கு முதலாளி யார் என்பது தெரியும். ஆனால் வேலை எப்போது முடிகின்றது என்பது தெரியுமா? நிறைவேற்றுத் தரம் என்ற பட்டத்தைச் சூட்டியதும் மேலதிக நேரத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகமாகிவிடுகின்றது. பிரான்சு நாட்டிலே 2017 தொடக்கம், வேலை நேரத்துக்குப் பின் தொலைபேசிக்கு மறுமொழி கூறாதிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. இங்கோ இரவு 10 மணிக்கு வரும் செய்திக்கு 10.05க்கு விடை போகாவிட்டால் ஊழியருக்கு உறக்கம் வருவதில்லை. எமது சட்டத் தொழில் மட்டும் திறமா? மூத்தோரின் அறைகளிலே ஊதியமின்றி ஆண்டுக்கணக்காகக் கோப்புச் சுமக்கும் இளஞ் சட்டத்தரணிகளும் ஒருவகை நாட்டாமைமாரே. காலி வீதிப் புடவைக் கடைகளிலே காலை முதல் இரவுவரை நின்றபடியே துணி விரிக்கும் பெண்களைப் பாருங்கள். தமிழக அரசு 2021ஆம் ஆண்டிலே, கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று சட்டம் திருத்தியது. வெள்ளவத்தையில் சேலை வாங்கும் சீமாட்டிகள், "தங்கச்சி, நீ இருந்துகொண்டு காட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி தானே வரும்.

8 மணி நேரம் ஒரு சலுகையாக வானத்திலிருந்து விழுந்ததன்று. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றுள் வார விடுமுறையும் ஒன்று. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் வக்கீல் வ. உ. சிதம்பரம்பிள்ளை என்பதில் எம் போன்றோருக்குத் தனிப் பெருமை உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது ஆலைத் தொழிலாளரின் குறைகளுள் முன்னின்றது, நண்பகல் உணவுக்குக் கொடுத்த நேரம் சோற்றை விழுங்கவும் போதவில்லை என்பது. கொழும்பிலே 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தை ஏ. ஈ. குணசிங்க நடத்தினார். இவ்வளவும் பட்டுப் பெற்றதை இப்போது நெகிழ்வு என்ற இனிய சொல்லால் கழற்றப் பார்க்கின்றனர். தமிழகத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு மூண்டதும் அவ்வாண்டு மே நாளிலே அது கைவிடப்பட்டது. அதே 2023இல் இங்கும், சட்டங்களையெல்லாம் ஒன்றாக்கும் வேலைவாய்ப்புச் சட்டம் என்னும் யோசனை வந்து, 8 மணி வரம்பு தளர்ந்துவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஒன்றாக்குவதை நாம் எதிர்க்கவில்லை. ஒன்றாக்குகின்றவர்கள் முதலாளி இல்லாத தொழிலாளிக்கும் அதில் ஓர் அத்தியாயம் எழுதவேண்டும் என்கிறோம்.

2022 ஜூனிலே எரிபொருள் இல்லாத காலத்தில், அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது அரசாங்கம். எத்தனை கத்தரிக்காய் காய்த்தது என்று நாம் கேட்கவில்லை. ஆனால் ஒன்று புலப்பட்டது: அரசு விரும்பினால் ஒரே அமைச்சரவைத் தீர்மானத்தால் லீவு பிறக்கும்.

சந்தைச் சபை ஒன்றுக்கான சட்ட நகலைச் சட்டத்தரணிகள் சிலருடன் சேர்ந்து வரையத் தொடங்கியுள்ளோம். அதற்கு முதற்கண் வேண்டுவது கணக்கு. ஆகவே, சென்ற போகத்தில் பேலியகொடைக்குச் சரக்கு அனுப்பிய கமக்காரர் தம்மிடமுள்ள சிட்டைகளின் பிரதிகளை இப்பத்திரிகைக்கு அனுப்பிவைப்பார்களாக. இறக்கு கூலி என்று கழித்த தொகையின்கீழ் ஒரு கோடு இட்டால் போதும். வியாபாரியின் பெயரையும் தம் பெயரையும் மறைத்து அனுப்பினும் குறையில்லை.